ஒரே வாசல், பல வகுப்பறைகள்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் கிளீவ்லாந்து என்றால் தமிழர்களில் பாதிப் பேருக்கு உடனே ஞாபகம் வருவது தியாகராஜ ஆராதனைதான். 1978இல் ஆரம்பித்தது, இன்றும் வருடா வருடம் வசந்த காலத்தில் நடக்கிறது. ஆனால் ஆராதனைக்கு வந்து போகிறவர்களில் எத்தனை பேர் நகரத்திலிருந்து கிழக்கே ரயிலேறி ஷேக்கர் ஹைட்ஸ் என்ற புறநகரைப் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை. அரை மணி நேரம்கூட ஆகாது. பழைய மரங்கள், பழைய வீடுகள், ஏரிகள், அப்புறம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. அந்தப் பள்ளியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். என் மகள் அங்கே படித்து முடித்தாள். நான் இன்னமும் இந்த ஊரில்தான் இருக்கிறேன்.

நாங்கள் வீடு தேடிய நாட்களில் தமிழ் நண்பர்கள் எல்லோரும் வேறு பக்கம்தான் கை காட்டினார்கள். "ஷேக்கர் ஹைட்ஸா? வேண்டாங்க்கா. சொலான் பக்கம் பாருங்க. ஸ்கூல் ரேட்டிங் சூப்பரா இருக்கு, நம்ம ஆளுங்களும் நிறைய." சொலான் நல்ல ஊர், அங்குள்ள பள்ளிகளும் நல்ல பள்ளிகள். ஆனால் அந்த ரேட்டிங் எங்கிருந்து வருகிறது என்று தோண்டிப் பார்த்தால், பெரும்பகுதி மாநிலத் தேர்வுகளில் பிள்ளைகள் எடுக்கும் மதிப்பெண்கள்தான். பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகளே படிக்கிற பள்ளியில் அது தானாக ஏறும். டாக்டர் வீட்டுப் பிள்ளையும், இரண்டு வேலை பார்க்கும் தனித் தாயின் பிள்ளையும் ஒரே கட்டடத்தில் படிக்கிற பள்ளியில் அப்படி ஏறாது. ஷேக்கர் இந்த இரண்டாவது வகை. சுமார் 1,600 மாணவர்கள், ஏறக்குறையப் பாதிப் பேர் கறுப்பினத்தவர், மீதியில் பெரும்பாலோர் வெள்ளையர். அமெரிக்கப் புறநகர்ப் பகுதிகளில் இது அபூர்வம். அதைவிட அபூர்வம், இது அரை நூற்றாண்டுக்கு மேலாக இப்படியே நீடிப்பது.

தானாக நீடிக்கவில்லை. இந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் பிடித்து நிறுத்தியதால் நிற்கிறது. அதே சமயம், வாசல் வரைக்கும் ஒன்றாகக் கொண்டுவந்த பிள்ளைகளை வகுப்பறை வரைக்கும் ஒன்றாகக் கொண்டுபோக இந்த ஊரால் இன்னும் முழுதாக முடியவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை சரியாக இருக்கும்.

1822இல் ஷேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இங்கே குடியேறினார்கள். கல்யாணம் கிடையாது, சொத்து எல்லாம் பொது, ஆணும் பெண்ணும் சமம், வழிபாட்டில் ஆட்டமும் உண்டு. டோன் ஓடையை மறித்து அணை கட்டி ஏரிகளை உண்டாக்கினார்கள், மாவு மில் வைத்தார்கள். ஆட்கள் குறைந்துகொண்டே போய் 1889இல் குடியிருப்பை மூடிவிட்டுப் போனார்கள். அதற்குக் கொஞ்சம் முன்பே, 1886இல், மில்லை வாங்கியவர் அதை வெடி வைத்துத் தகர்த்தார். வேடிக்கை பார்க்கப் பெரிய கூட்டமே கூடியதாம். ஏரிகள் இன்றும் இருக்கின்றன. மில் போய்விட்டது, ஆனால் உயர்நிலைப் பள்ளியின் ஆண்டு மலருக்கு 'கிரிஸ்ட்மில்' என்று அதன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். என் மகளின் நான்கு வருட மலர்களும் அலமாரியில் இருக்கின்றன, பின்பக்கம் முழுக்க நண்பர்களின் கையெழுத்து.

ஷேக்கர்கள் விட்டுப்போன நிலத்தை 1905 வாக்கில் வாங்கத் தொடங்கியவர்கள் ஓரிஸ், மான்டிஸ் என்ற வான் ஸ்வேரிங்கன் சகோதரர்கள். இரண்டு பேரும் கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். நகரத்துப் புகையிலிருந்து தப்பிக்க நினைக்கும் பணக்காரர்களுக்கு ஒரு ஊரை முழுக்க முழுக்கத் திட்டமிட்டுக் கட்டுவது அவர்கள் கனவு. வீடு இருந்து பிரயோஜனம் இல்லை, வேலைக்குப் போக வழி வேண்டுமே? அதற்காக ரயில் பாதை போட்டார்கள், 1920இல் ஓடத் தொடங்கியது. ரயில் நகரத்துக்குள் வந்து நிற்க இடம் வேண்டும் என்று போனவர்கள் 52 மாடி டெர்மினல் டவர் வரை போனார்கள். கடைசியில் பெருமந்தம் என்கிற பொருளாதார வீழ்ச்சியில் எல்லாவற்றையும் இழந்து ஒருவர் 1935இலும் மற்றவர் 1936இலும் இறந்தார்கள்.

அவர்கள் போட்ட திட்டத்தில் எனக்குப் பிடித்தது பள்ளிகளுக்குக் கொடுத்த இடம். ஊரை ஒன்பது குடியிருப்புப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு தொடக்கப் பள்ளி. பிள்ளைகள் நடந்தே போய் வர வேண்டும் என்பது கணக்கு. இன்றும் இங்கே யாரையாவது "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டால் தெருப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். லோமண்ட், ஃபெர்ன்வே, ஆனவே, மெர்சர் என்று தொடக்கப் பள்ளியின் பெயரைத்தான் சொல்வார்கள். எல்லாப் பகுதிப் பிள்ளைகளும் கடைசியில் வந்து சேரும் உயர்நிலைப் பள்ளி ஆல்டர்சைட் டிரைவில் 1931இல் திறந்தது. சிவப்புச் செங்கல் கட்டடம். ஷேக்கர் ஹைட்ஸ் கிராமம் என்ற நிலையிலிருந்து நகரம் ஆனதும் அதே வருடம்தான். ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் இங்கே 1943இல் படிப்பை முடித்தார். கார்ப் பந்தய உலகின் ராஜர் பென்ஸ்கி இந்தப் பள்ளிதான். 1971இல் படிப்பை முடித்த மார்சியா ஃபட்ஜ், பிற்பாடு நாடாளுமன்ற உறுப்பினராகி, பைடன் ஆட்சியில் வீட்டுவசதித் துறை அமைச்சரானார்.

ஆனால் அந்த 1931இல் கறுப்பினப் பெண் ஒருத்தி இந்தப் பள்ளியில் சேர்வது லேசான காரியம் இல்லை. வீட்டுப் பத்திரத்திலேயே தடை வைத்திருந்தார்கள். 1925இல் ஒரு கறுப்பின மருத்துவர் இந்த ஊரில் வீடு வாங்கிக் குடிவந்தார். அவர் வீட்டைத் தாக்கினார்கள். அதற்குப் பிறகு வான் ஸ்வேரிங்கன் கம்பெனி பத்திரங்களில் ஒரு ஷரத்தைச் சேர்த்தது: கம்பெனியின் சம்மதமோ சுற்றியுள்ள வீட்டுக்காரர்களின் சம்மதமோ இல்லாமல் வீட்டை விற்க முடியாது. 'கறுப்பர்' என்ற வார்த்தையோ 'யூதர்' என்ற வார்த்தையோ அதில் இல்லை. தேவைப்படவில்லை. யாருக்குச் சம்மதம் கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரியும். இன ரீதியான இத்தகைய கட்டுப்பாடுகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1948இல்.

அடுத்து வருவது லட்லோ. ஷேக்கரின் மேற்கு ஓரத்தில் இருக்கும் பகுதி. இதில் ஒரு பாதி கிளீவ்லாந்து நகர எல்லைக்குள் வருகிறது, ஆனால் பள்ளி மட்டும் ஷேக்கர் பள்ளி. 1950களில் படித்த, நல்ல வேலையில் இருந்த கறுப்பினக் குடும்பங்கள் இங்கே வீடு வாங்கத் தொடங்கின. 1956 ஜனவரியில், ஜான் பெக் என்ற வழக்கறிஞர் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் கார் கொட்டகையில் குண்டு வெடித்தது.

அந்தக் காலத்து அமெரிக்கப் புறநகரில் அடுத்து என்ன நடக்கும் என்பது எழுதி வைத்த மாதிரி. ஏஜெண்டுகள் வெள்ளையர் வீட்டுக் கதவைத் தட்டி, "விலை விழப் போகிறது, சீக்கிரம் விற்றுவிடுங்கள்" என்று பயமுறுத்துவார்கள். பயந்து விற்றவரிடம் குறைந்த விலைக்கு வாங்கி, வேறு எங்கும் வீடு கிடைக்காத கறுப்பினக் குடும்பத்துக்கு அதிக விலைக்கு விற்பார்கள். பத்து வருடத்தில் தெருவே மாறிவிடும். கிளீவ்லாந்தின் கிழக்குப் பகுதியில் தெருத் தெருவாக இதுதான் நடந்தது. லட்லோவில் நடந்தது வேறு. குண்டு வெடித்த பிறகு அக்கம்பக்கத்தார் பெக் குடும்பத்துக்கு ஆதரவாக வந்தார்கள். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒருவர் வீட்டு வரவேற்பறையில் ஒருவர் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். அப்படிப் பேசியதில் 1957இல் லட்லோ சமூகச் சங்கம் பிறந்தது. வீடு விற்காமல் இருப்பது என்று முடிவெடுத்தார்கள். ஏஜெண்டுகள் வெள்ளையரை அந்தப் பக்கம் கூட்டிவருவதை நிறுத்தியபோது, சங்கமே வீடு காட்டும் வேலையைக் கையில் எடுத்தது. முன்பணத்துக்குக் கடன் கொடுக்க நிதி திரட்டினார்கள்.

இங்கேதான் எனக்கு மனம் இரண்டாகிறது. அந்த உதவி வெள்ளையருக்குத்தான். கறுப்பினக் குடும்பங்கள் எப்படியும் வருவார்கள், வெள்ளையர் வராவிட்டால் பகுதி மறுபடி ஒற்றை இனப் பகுதியாகிவிடும் என்பது அவர்கள் வாதம். சங்கத்தில் இருந்த கறுப்பினத்தவரும் இதற்குச் சம்மதித்தார்கள், சங்கடத்தோடு. இன்னொரு பக்கம் பார்த்தால், வாழ்நாள் முழுக்கக் கதவு சாத்தப்பட்ட ஒருவர் கடைசியில் நல்ல பள்ளி இருக்கும் ஊருக்கு வரும்போது, "கொஞ்சம் பொறுங்கள், சமநிலை கெட்டுவிடும்" என்று சொல்வது போலத்தானே இது? அந்த நேரத்தில் வேறு வழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதற்காக அது நியாயமாகிவிடாது. 1980களின் நடுவில் வந்த கடன் திட்டம் கொஞ்சம் மேல். கறுப்பினக் குடும்பம் வெள்ளையர் அதிகமுள்ள பகுதியில் வாங்கினாலும் கடன், வெள்ளையர் குடும்பம் கறுப்பினத்தவர் அதிகமுள்ள பகுதியில் வாங்கினாலும் கடன். இந்த இரண்டுக்கும் நடுவில், 1976இல், இதே ஊர் கிளீவ்லாந்து எல்லைத் தெருக்களில் வண்டி போக முடியாதபடி தடுப்புகள் வைத்ததையும் மறக்கக் கூடாது. போக்குவரத்தைக் குறைக்கத்தான் என்று இவர்கள் சொன்னார்கள். அந்தப் பக்கம் வாழ்ந்த கறுப்பின மக்கள் அதை அப்படிப் பார்க்கவில்லை.

பள்ளிகளுக்குள் பெரிய திருப்பம் 1970இல். மோர்லேண்ட் பகுதியின் தொடக்கப் பள்ளியில் ஏறக்குறைய எல்லோரும் கறுப்பினப் பிள்ளைகள் என்ற நிலை வந்துவிட்டது. அப்போது கண்காணிப்பாளராக இருந்தவர் ஜான் லாசன். இங்கே பள்ளி மாவட்டத்தின் தலைமை அதிகாரியை அப்படித்தான் சொல்வார்கள். மோர்லேண்ட் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி மற்றப் பள்ளிகளுக்கு அனுப்புவது என்று முதலில் திட்டம் போட்டார்கள். அமெரிக்கா முழுக்க இந்த மாதிரி பேருந்துத் திட்டங்களை வெள்ளைப் பெற்றோர்கள் தெருவில் இறங்கி எதிர்த்த காலம். பல ஊர்களில் நீதிமன்றம் உத்தரவு போட்டுத்தான் பேருந்து ஓடியது. ஷேக்கரில் ஒரு பகுதி வெள்ளைப் பெற்றோர்கள் வேறு ஆட்சேபம் சொன்னார்கள்: ஏன் கறுப்பினப் பிள்ளைகள் மட்டும் அலைய வேண்டும்? எங்கள் பிள்ளைகளை மோர்லேண்டுக்கு அனுப்புகிறோம். அப்படியே செய்தார்கள். திட்டம் இரு வழியாக, விருப்பப்பட்டவர்களுக்கு என்று மாறியது. எந்த நீதிமன்ற உத்தரவும் இல்லை.

எங்கள் தெருவில் வாழும் பாட்டி ஒருவர் அந்தப் பேருந்தில் தன் பிள்ளையை ஏற்றி அனுப்பியவர். தைரியம் என்று எல்லாம் அவர் பேசவில்லை. "என் மாமியார் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை" என்று சொன்னார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "பையன் பேருந்தில் சண்டை போட்டுக்கொண்டு வந்தான், யாரோடு தெரியுமா, பக்கத்து வீட்டுப் பையனோடு" என்றார். பிள்ளையை அனுப்பியதற்கு என்ன காரணம் என்று கேட்டேன். கூட்டத்தில் ஒரு கறுப்பினத் தாய் எழுந்து, தன் மகள் எத்தனை மணிக்கு எழுந்து கிளம்ப வேண்டியிருக்கும் என்று சொன்னதைக் கேட்ட பிறகு கையைத் தூக்காமல் இருக்க முடியவில்லை என்றார்.

1987இல் மாணவர் எண்ணிக்கை குறைந்து, ஒன்பது தொடக்கப் பள்ளிகளில் நான்கை மூடினார்கள். லட்லோவும் மோர்லேண்டும் அதில் போயின. மூடுவது யாருக்கும் பிடிக்காத வேலை, ஆனால் எல்லைகளை மறுபடி வரைந்தபோது ஒவ்வொரு பள்ளியிலும் இரு இனத்துப் பிள்ளைகளும் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். ஐந்து, ஆறாம் வகுப்பை ஊர் முழுவதற்கும் சேர்த்து வுட்பரி பள்ளியில் வைத்தார்கள். அதனால் பத்து வயதிலிருந்தே ஊரின் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ். பழைய மோர்லேண்ட் பள்ளிக் கட்டடம் இப்போது ஊரின் பொது நூலகம்.

சரி, இதற்கெல்லாம் பணம் யார் கொடுக்கிறார்கள்? அமெரிக்கப் பள்ளிகளைப் பற்றி நம் ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்கக் கஷ்டமான விஷயம் இதுதான். பள்ளியை நடத்துவது மாநில அரசு இல்லை. ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து பேர் கொண்ட கல்வி வாரியம். செலவில் பெரும் பங்கு அந்த ஊரின் வீட்டு வரியிலிருந்து வருகிறது. ஒஹாயோவில் 1976 முதல் ஒரு சட்டம் உண்டு: வீட்டின் மதிப்பு ஏறினாலும், மக்கள் வாக்களித்து அனுமதித்த வரியிலிருந்து பள்ளிக்குப் போகும் தொகை அதோடு சேர்ந்து ஏறாது, வரி விகிதம் தானாக இறங்கிவிடும். விலைவாசி ஏறும், சம்பளம் ஏறும், வருமானம் மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். ஆகவே சில வருடத்துக்கு ஒரு தடவை பள்ளி மாவட்டம் மக்களிடம் வந்து, "உங்கள் வரியை ஏற்றிக்கொள்ளச் சம்மதமா?" என்று வாக்குச்சீட்டில் கேட்டாக வேண்டும். இதை 'லெவி' என்கிறார்கள். வீட்டு வரியையே இவ்வளவு நம்பி நிற்கும் இந்த ஏற்பாடு மாநில அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 1997இல் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் சில தடவை சொன்னது. அடிப்படை ஏற்பாடு பெரிதாக மாறிவிடவில்லை.

ஷேக்கரில் தொழிற்சாலை கிடையாது, பெரிய வணிக வளாகம் கிடையாது. பாரம் முழுக்க வீடுகள் மேல்தான். மாநிலத்திலேயே மிக அதிகமான வீட்டு வரி விகிதம் உள்ள ஊர்களில் இதுவும் ஒன்று. எங்கள் வரிச் சீட்டைப் பார்த்து ஊரிலிருந்து வந்த என் அண்ணன், "இது வாடகையா?" என்று கேட்டார். இருந்தும் லெவி வரும்போதெல்லாம் புல்வெளிகளில் ஆதரவுப் பலகைகள் முளைக்கும். பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து வெளியூர் போய்விட்ட வீடுகளிலும் அந்தப் பலகை இருக்கும். நானும் மாலை நேரங்களில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறேன். ஒரு தெருவில், ஓய்வுபெற்ற கறுப்பினத் தபால்காரர் ஒருவர் கதவைத் திறந்து, நான் பேச ஆரம்பிப்பதற்குள், "ஓட்டு போட்டுவிடுகிறேன். ஆனால் என் பேத்தியை ஏன் ஹானர்ஸ் வகுப்பில் போடவில்லை என்று போய்க் கேளுங்கள்" என்று சொன்னார். வரி கட்டத் தயங்காத மனிதர். அவர் கேட்ட கேள்விதான் இந்தப் பள்ளியின் உண்மையான கேள்வி.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஒரே பாடத்தைப் பல தரங்களில் சொல்லிக்கொடுப்பார்கள். சாதாரண வகுப்பு, அதற்கு மேல் ஹானர்ஸ், அதற்கும் மேல் கல்லூரித் தரத்திலான ஏ.பி. எந்தப் பிள்ளை எதில் உட்கார வேண்டும் என்பது ஆசிரியர் பரிந்துரை, முந்தைய மதிப்பெண், பெற்றோரின் பிடிவாதம் எல்லாம் சேர்ந்து முடிவாகும். பெரும்பாலும் நடுநிலைப் பள்ளியிலேயே, குறிப்பாகக் கணக்கில், பாதை பிரிந்துவிடும். ஷேக்கரில் அந்தப் பிரிவு பல பத்தாண்டுகளாக இனத்தை ஒட்டியே விழுந்தது. மேல் தர வகுப்புகளில் வெள்ளைப் பிள்ளைகள், கீழ்த் தர வகுப்புகளில் கறுப்பினப் பிள்ளைகள். இது ரகசியம் இல்லை. 1930 முதல் வந்துகொண்டிருக்கும் பள்ளி மாணவர் பத்திரிகை 'ஷேக்கரைட்' 1997இல் இந்த இடைவெளியைப் பற்றி எழுதி ஊரையே கொதிக்கவைத்தது. கொதித்த கறுப்பினப் பெற்றோர் சிலர், பெர்க்லியில் இருந்த நைஜீரிய மானுடவியலாளர் ஜான் ஓக்புவை அழைத்து, "எங்கள் பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்று வந்து பாருங்கள்" என்றார்கள்.

ஓக்பு வந்தார், வகுப்புகளில் உட்கார்ந்தார், பிள்ளைகளோடும் பெற்றோரோடும் பேசினார். அவர் சொன்ன முடிவு அழைத்தவர்களுக்கே அதிர்ச்சி. பள்ளியின் குறைகளோடு, கறுப்பினப் பிள்ளைகள் படிப்பில் போதிய முயற்சி போடவில்லை, பெற்றோரும் போதிய அளவு கவனிக்கவில்லை என்றார். அவருடைய ஆய்வு 2003இல் வெளிவந்தது, அதே வருடம் அவர் காலமானார். நாடு முழுக்கப் பத்திரிகைகள் இதை எடுத்துப் பேசின. கிளீவ்லாந்தில் பிறந்து ஹார்வர்டில் பணியாற்றிய பொருளாதாரப் பேராசிரியர் ரொனால்ட் ஃபெர்குசன் இதே பள்ளி மாணவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பு வேறு மாதிரி சொன்னது. ஒரே தர வகுப்பில் இருக்கும் கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் வீட்டுப்பாடத்துக்கு ஏறக்குறைய ஒரே அளவு நேரம்தான் செலவழிக்கிறார்கள், ஆனால் கறுப்பினப் பிள்ளைகள் முடித்துக் கொடுப்பது குறைவு. முயற்சியின்மை காரணமில்லை. முந்தைய வருடங்களில் விட்டுப்போன அடிப்படைகளே காரணம். வீட்டுப்பாடம் கொண்டுவராத பிள்ளையை வெளியிலிருந்து பார்த்தால் சோம்பேறி மாதிரிதான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அவன் ஒரு மணி நேரம் மூன்றாவது கணக்கிலேயே நின்றுகொண்டிருப்பது தெரியும். ஃபெர்குசன் சொன்னதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பிள்ளைகள் பெரியவர்களுக்காகக் காத்திருக்கவில்லை என்பது இந்தப் பள்ளியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 1990களின் ஆரம்பத்திலிருந்து 'மேக் ஸ்காலர்ஸ்' என்ற குழு இருக்கிறது. நன்றாகப் படிக்கும் மூத்த கறுப்பின மாணவர்கள், திறமை இருந்தும் பின்தங்கும் இளைய மாணவர்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசுவார்கள். கை குலுக்குவதிலிருந்து சொல்லிக்கொடுப்பார்கள்: கண்ணைப் பார், அழுத்திப் பிடி, பெயரைச் சொல். கறுப்பினப் பண்பாட்டைக் கொண்டாடும் 'சன்கோஃபா' நிகழ்ச்சியை மாணவர்களே வருடா வருடம் ஆட்டம், பாட்டம், கவிதை என்று மேடையேற்றுவார்கள்.

இன்னொன்று 1983இல் தொடங்கிய இன உறவுகளுக்கான மாணவர் குழு. 'எஸ்கோர்' என்று சுருக்கிச் சொல்வார்கள். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் பயிற்சி எடுத்துக்கொண்டு, தொடக்கப் பள்ளி வகுப்புகளுக்குப் போய்ப் பாகுபாட்டைப் பற்றிப் பேசுவார்கள். என் மகள் அதில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் அவள் குழுவில் இருந்த இரண்டு பேரும் எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மறுநாளுக்கு ஒத்திகை பார்த்தார்கள். ஒரு கறுப்பினப் பையன், ஒரு யூதப் பெண், என் மகள். ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்பதில் விவாதம். "உன்னை விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாத நாளைச் சொல்லு" என்று கேட்கலாம் என்றாள் அந்தப் பெண். பையன் தலையை ஆட்டி, "அதுக்கு எல்லாருக்கும் பதில் இருக்கும். நீ யாரைச் சேர்த்துக்கலன்னு கேளு. அப்பதான் வகுப்பு அமைதியாகும்" என்றான். நான் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். பதினாறு வயதில் எனக்கு இப்படி ஒரு கேள்வி தோன்றியிருக்காது. பக்கத்தில் அந்தப் பையனும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்திருக்காவிட்டால் என் மகளுக்கும் தோன்றியிருக்காது.

பள்ளிக்குள் ஒரு கோளரங்கம் உண்டு. ஆசியப் படிப்புகளுக்கும் சீன மொழிக்கும் நீண்ட காலமாக இடம் கொடுத்து வந்த பள்ளி. கடைசி வருட மாணவர்கள் மே மாதத்தின் இறுதி வாரங்களில் வகுப்புக்கு வராமல், வெளியே ஏதாவது வேலையிலோ ஆய்விலோ சேர்ந்து 'சீனியர் ப்ராஜெக்ட்' செய்வார்கள். மகளின் தோழி ஒருத்தி ரொட்டிக் கடையில் விடியற்காலை வேலைக்குப் போனாள், இன்னொருவன் வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போனான்.

2020 இலையுதிர் காலத்தில், கோவிட் காலத்தில் வகுப்புகளை எப்படியும் மாற்றி அமைக்க வேண்டியிருந்த சமயத்தில், பள்ளி மாவட்டம் பெரிய முடிவு ஒன்றை எடுத்தது. ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை, பெரும்பாலான பாடங்களில் சாதாரண வகுப்பையும் ஹானர்ஸ் வகுப்பையும் ஒன்றாக்கிவிட்டது. பல வருடப் பேச்சு ஒரே கோடையில் நடைமுறைக்கு வந்தது. ஊர் இரண்டுபட்டது. என் பிள்ளையின் வேகத்தை ஏன் குறைக்கிறீர்கள் என்று ஒரு பக்கம். எங்கள் பிள்ளைகள் அந்த அறைக்குள் நுழையவே ஐம்பது வருடம் ஆயிற்றே என்று இன்னொரு பக்கம். ஒரே வகுப்பில் பல நிலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எங்களுக்குப் பயிற்சி எங்கே, நேரம் எங்கே என்று ஆசிரியர்கள்.

நான் இந்த மாற்றத்துக்கு ஆதரவு. ஆனால் ஆசிரியர்கள் கேட்டதுதான் மூன்றிலும் கனமான கேள்வி என்று நினைக்கிறேன். மேஜைகளை ஒன்றாகப் போட்டுவிட்டு, ஒரு வகுப்புக்கு ஒரே ஆசிரியரை விட்டுவிட்டால், பின்தங்கிய பிள்ளை பழைய இடைவெளியோடு புதிய அறையில் உட்காரும், அவ்வளவுதான். சின்ன வகுப்புகள், கூடுதல் ஆசிரியர்கள், மூன்றாம் வகுப்பிலேயே கணக்கில் கவனம், இதெல்லாம் வேண்டும். எல்லாமே பணம். பணம் என்றால் மறுபடி லெவி.

நம் ஆட்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாங்கள் இந்த ஊரில் கொஞ்சம் பேர்தான். 1925இன் பத்திரங்களோ 1956இன் குண்டோ நம் குடும்பங்களின் நினைவில் இல்லை. வந்ததும் பிள்ளைக்கு எத்தனை ஏ.பி. என்று கணக்குப் போட ஆரம்பிக்கிறோம். பரிந்துரை வராவிட்டால் பள்ளிக்குப் போய்ப் பேசி மாற்றி வாங்கவும் நமக்குத் தெரியும், அதற்கு ஆங்கிலமும் நேரமும் தைரியமும் நம்மிடம் உண்டு. அந்தத் தபால்காரரின் மகளுக்கு வேலை நேரத்தில் போனை எடுக்கவே அனுமதி இல்லாமல் இருக்கலாம். நாம் தள்ளித் திறக்கிற ஒவ்வொரு கதவும் அந்தப் பேத்திக்கும் திறந்ததா என்று கேட்பது நம் வேலைதான். லட்லோக்காரர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து பேசிக் காப்பாற்றிய பள்ளியில்தான் நாம் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறோம்.

இப்போதும் கிளீவ்லாந்துப் பக்கம் மாற்றலாகி வருகிற இளம் தம்பதிகள் போன் செய்து, "அக்கா, ஷேக்கர் ஸ்கூல் எப்படி?" என்று கேட்கிறார்கள். ரேட்டிங்கை நான் சொல்வதில்லை, அது அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கும். கல்வி வாரியக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது, யார் வேண்டுமானாலும் போகலாம். வீடு பார்க்க வரும் வாரத்தில் அப்படி ஒரு கூட்டம் இருந்தால் போய்ப் பின்வரிசையில் இரண்டு மணி நேரம் உட்காருங்கள் என்பேன். பொதுமக்கள் பேசும் நேரத்தில் கத்துவார்கள், அழுவார்கள், யாராவது பழைய மோர்லேண்ட் கதையை எடுப்பார்கள். அதைக் கேட்ட பிறகும் இங்கே வர வேண்டும் என்று தோன்றினால் எனக்குப் போன் செய்யுங்கள், லோமண்ட் பக்கம் இரண்டு வீடு விற்பனைக்கு இருக்கிறது, கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.